இழுப்புக்கு யார் மருந்து எழுதுவது?



எங்கள் தரம் ஆறு பிள்ளையொன்று மழை தொடங்கினால் வாரத்தில் இரண்டு நாள் வராது. இழுப்பு. போன கிழமை நாங்கள் மூன்று ஆசிரியர்கள் வீட்டுக்குப் போனோம். ஒன்பது பேருக்கு ஒரே அறை, அடுப்பும் உள்ளேதான். சுவரெல்லாம் பூஞ்சணம். "மருந்து குடுக்கிறம் சேர், இந்தப் புகைய எங்க கொண்டு வைக்கிற?" என்றார் உம்மா.

மூத்தம்மா 2004 சுனாமியில் வீடிழந்தவர். அவர்களைப் போன்றோருக்காக நுரைச்சோலையில் சவூதி உதவியில் கட்டிய 500 வீடுகளும், யாருக்கு எத்தனை என்ற வழக்கில் சிக்கி வருடக்கணக்காய்ப் பற்றைக்காடாய்க் கிடந்தன. நாங்களும் அதைத் தேர்தல் கதையாகத்தான் பேசினோம். பிள்ளைகளின் நெஞ்சுச்சளியோடு சேர்த்துப் பார்க்கவில்லை.

வெள்ளி ஜும்ஆவுக்குப் பின், அடுப்பை வெளியே எடுக்க ஒரு பத்தி இறக்குகிறோம். தகரம், கைமரம் மிச்சமிருந்தால் சொல்லுங்கள்.