விறைத்த விரல்கள்

நாம் வேறோர் ஊரில் மாணாக்கராயிருந்த காலத்தில், இரசாயன ஆய்வுக்கூடத்தில் ஒருநாள் நம் கையினின்றும் பியூரெட்டு ஒன்று நழுவி வீழ்ந்து நொறுங்கிற்று. அருகில் நின்ற ஆசிரியர், ‘கிளம்ஸி’ என்ற ஒரே சொல்லைச் சொல்லி அப்பாற் சென்றார். தோழர்களோ அதனையே நமக்குப் பெயராக்கி, படிப்பு முடியுமளவும் அழைத்து மகிழ்ந்தனர். பொருள் நாம் அறிந்ததே: கைத்திருத்தம் இல்லாதவன். பிறவிக் குறையென்றே நம்பி, அன்றுமுதல் கண்ணாடிக் கலங்களைக் கண்டால் ஒதுங்கினோம்.

பல ஆண்டுகள் கழித்து, மார்கழி மாதத்து வைகறையொன்றில் உதகமண்டலத்திலே, சட்டைப் பொத்தானை மாட்ட மாட்டாமல் நெடுநேரம் தவித்தோம். விரல்கள் நம்முடையனவாகவே இல்லை. ஊர் திரும்பிய பின் ஏதோ நினைவாகச் சொற்பிறப்பு அகராதியைப் புரட்ட, அங்கே நம் பழைய பெயர் கிடந்தது! இடைக்கால ஆங்கிலத்தில் ‘கிளம்சென்’ என்பது குளிரால் மரத்துப்போதலைக் குறித்ததாம். ஸ்காந்திநாவிய மொழிகளோடு உறவுடையதாம். விறைத்த கை பொருளைத் தவறவிடுமன்றோ? அவ்வாறே சொல் குளிரைவிட்டுக் குறையைப் பற்றிக்கொண்டது.

இச்சொல் பட்ட பாடு நகைப்பிற்குரியது. மார்ஸ்டன் என்னும் நாடகாசிரியர் இதனைக் கூதிர்காலத்திற்கே அடைமொழியாக்கினார். அது பொறாத பென் ஜான்சன், 1601-ஆம் ஆண்டில் அரங்கேறிய ‘பொயட்டாஸ்டர்’ நாடகத்தில், மார்ஸ்டனைப் போன்ற ஒரு பாத்திரத்திற்கு மாத்திரை கொடுத்து, அவர் வழங்கிய கடுஞ்சொற்களையெல்லாம் ஒவ்வொன்றாகக் கக்கச் செய்தார். பனிவெடிப்பைக் குறிக்கும் சொல்லை அடுத்து இதுவும் வெளிவந்தது. கக்கியவற்றுட் பல மடிந்தன. ‘கிளம்ஸி’யோ நானூறு ஆண்டு கடந்தும் நம்மை வந்து தாக்கிற்று. ஜான்சன் இன்னும் சிறிது வலிய மருந்து கொடுத்திருக்கலாகாதா!

(‘ஆக்வர்டு’ என்பதன் முற்பாதிக்குப் புறந்திரும்பியது என்பதும், பிரெஞ்சு ‘கோஷ்’ என்பதற்கு இடது என்பதும் பொருள். இடக்கைப் பழக்கமுடைய அன்பர்கள் பொறுத்தருள்க.)

அந்நாளில் ஆய்வுக்கூடத்தில் பனி ஏது? ஆயினும் ஆசிரியர் பின்னே வந்து நின்றவுடன் நம் விரல்கள் விறைத்தது நினைவிருக்கிறது. இதனை அறியுமுன்னர், ஆசிரியரான நாமும் அச்சொல்லை இருவர் மூவர்மேல் எறிந்துவிட்டோம். அவர்கள் இன்று எங்குளரோ அறியோம்.

சென்ற ஆண்டு ஒரு மாணவன் நம் எதிரில் குடுவையை உடைத்து நின்றான். சொல் நாவின் நுனிவரை வந்தது. அவன் கையைத் தொட்டுப் பார்த்தோம்; சில்லிட்டிருந்தது. வேறொரு குடுவை எடுத்துவரச் சொல்லிவிட்டு, சாளரத்தருகே சென்று வெளியே பார்த்துக்கொண்டு நின்றோம்.