காற்றைத் திணிக்கும் வேலை

அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில், டென்வருக்கு மேற்கே மலையடிவாரத்தில் இருக்கிறது கோல்டன். கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,730 மீட்டர் உயரம். காற்றழுத்தம் சென்னையில் இருப்பதைவிடக் கிட்டத்தட்ட ஐந்தில் ஒரு பங்கு குறைவு. மாடிப்படி ஏறினால் நமக்கு இரைக்கும். வண்டிக்கும் அதே கதைதான். தங்கை வீட்டுக்குப் பின்தெருவில் பள்ளிப் பேருந்து மெக்கானிக் ஒருவர் தன் ஜீப் ராங்ளருக்கு வீட்டு கேரேஜிலேயே சூப்பர்சார்ஜர் மாட்டப்போகிறார் என்று கேள்விப்பட்டதும், கூட இருந்து பார்க்க அனுமதி கேட்டேன். “பார்க்கலாம், ஆனால் என் மாமனார் வேலை கொடுத்துவிடுவார்” என்றார்.

2013 மாடல், 3.6 லிட்டர் வி6 என்ஜின், கம்பெனிக் கணக்கில் 285 குதிரைத்திறன். இதே மாநிலத்தில் டெலுரைடுக்கும் யூரேவுக்கும் நடுவிலுள்ள இமோஜீன் கணவாயின் உயரம் ஏறத்தாழ 4,000 மீட்டர். அங்கே போனால் அந்த 285, 175 பக்கம் வந்துவிடும். பெரிய டயர், இரும்பு பம்பர், வின்ச் என்று ஏற்றிவைத்த எடை மட்டும் இறங்காது. அதற்காகத்தான் இத்தனை செலவு.

சூப்பர்சார்ஜர் கிட்டின் பெட்டியைப் பிரித்ததும் எல்லோரும் முதலில் தூக்கிப் பார்ப்பது ரோட்டர்கள் அடங்கிய அந்த அலுமினிய உடலைத்தான். உள்ளே முறுக்கிய பற்களோடு இரண்டு உருளைகள். கரும்பு ஜூஸ் எந்திரத்தின் உருளைகள் மாதிரி எதிரெதிராகச் சுற்றும். ஆனால் ஒன்றையொன்று தொடாது. இந்த ஏற்பாட்டின் மூதாதை, இந்தியானா மாநிலத்து ரூட்ஸ் சகோதரர்கள் 1860-இல் காப்புரிமை வாங்கிய ஊதுகருவி. உலைகளுக்கும் சுரங்கங்களுக்கும் காற்று அனுப்பிக்கொண்டிருந்தது. இங்கே என்ஜினின் பெல்ட்டே அதைச் சுற்றி, சிலிண்டர்களுக்குள் காற்றைத் திணிக்கிறது.

மாமனார் விமான மெக்கானிக்காக இருந்து ஓய்வுபெற்றவர். பேட்டரி கம்பியைக் கழற்றி, பெட்ரோல் லைனின் அழுத்தத்தை இறக்கி, பழைய இன்டேக் மேனிஃபோல்டைத் தூக்கியதும் சிலிண்டர்களுக்குப் போகும் ஆறு துளைகளும் வாய்பிளந்து நின்றன. உடனே கையை நீட்டி மருமகனைத் தடுத்தார். வெள்ளைத் துணியில் ஆறு துண்டுகள். ஒவ்வொன்றின் நுனியிலும் டேப் ஒட்டி எண் எழுதியிருந்தார். அவற்றைத் துளைகளில் அடைத்துவிட்டு என்னிடம் ஒரு நோட்டைக் கொடுத்தார். எந்த ஸ்பேனர் மேசையை விட்டுப் போகிறது, எது திரும்புகிறது என்று எழுதுவதுதான் என் வேலை. “ஒரு வாஷர் உள்ளே விழுந்தால் இந்த என்ஜின் முடிந்தது. மேலே பறந்தால் என்ன, தரையில் ஓடினால் என்ன?” துணிகளை எடுக்கும்போது ஒன்று முதல் ஆறு வரை உரக்கச் சொல்லச் சொன்னார். சொன்னேன்.

முறுக்கும் கட்டத்திலும் அவர் ஆட்சிதான். மேனிஃபோல்டு போல்ட்டுகளுக்கு அளவு இஞ்ச்-பவுண்டில். மருமகன் எடுத்ததோ ஃபுட்-பவுண்டு டார்க் ரெஞ்ச். எண்ணை மட்டும் பார்த்து முறுக்கினால் பன்னிரண்டு மடங்கு. அலுமினிய மரை பிய்ந்துவிடும். கிழவர் ஒன்றும் பேசாமல் கையிலிருந்ததை வாங்கிக்கொண்டு சின்ன ரெஞ்சை வைத்தார்.

காற்றைத் திணிப்பது இந்த வேலையில் சின்னப் பங்கு. அதன் பின்விளைவுகளைக் கட்டி மேய்ப்பதற்குத்தான் கிட்டின் பாதிச் சாமான். காற்று கூடினால் பெட்ரோலும் கூட வேண்டும். அதற்குப் பெரிய இன்ஜெக்டர்கள். அழுத்தினால் காற்று சூடாகும், சூடானால் என்ஜினில் நாக்கிங் வரும். அதற்குத் தனிக் கூலண்ட், தனி பம்ப், முன்னால் இன்னொரு சின்ன ரேடியேட்டர். கொலராடோ பங்க்குகளில் சாதாரண பெட்ரோல் என்பது 85 ஆக்டேன். இனி இந்த வண்டிக்கு அது ஆகாது, 91 தான். மாதா மாதம் பர்ஸைக் கடிக்கப்போவது அதுதான் என்பேன்.

வண்டியின் கம்ப்யூட்டருக்குப் புதிய ஃபைல் ஏற்றி, லுக்அவுட் மலைச்சாலையில் ஏறினோம். மெல்லிய சீழ்க்கையோடு வண்டி நன்றாகவே இழுத்தது. அழுத்தமானி ஐந்தைத் தாண்டவில்லை; கிட் புத்தகத்தில் ஆறு பி.எஸ்.ஐ. குறை ஒன்றுமில்லை. பெல்ட்டில் ஓடும் இந்தக் கருவி சுற்றியிருக்கும் காற்றை ஒரே விகிதத்தில்தான் பெருக்கும்; உயரம் ஏற ஏற அதுவும் இறங்கும். இமோஜீனில் அது தருவது, ஏறக்குறைய கோல்டனில் சும்மாவே கிடைக்கும் காற்றை. பல ஆயிரம் டாலர் கொடுத்து இழந்ததை மீட்கிறார்கள் என்றேன். மருமகன் சிரித்தார், மறுக்கவில்லை.

ஆனால் மெதுவாக ஊர்ந்தபோது உள்ளே போகும் காற்றின் சூடு ஏறிக்கொண்டே போனது. பாறையேறும் வண்டிக்கு அந்த வேகம்தானே பிழைப்பு! வீட்டுக்கு வந்து கூலண்ட் டப்பாவின் மூடியைத் திறந்தார்கள். பம்ப் இரைகிறது, கூலண்ட் அசையவில்லை. குழாயில் எங்கோ காற்று அடைத்திருந்தது. முன்சக்கரங்களைச் சாய்தளத்தில் ஏற்றி, மாமனார் ஹோஸை மெதுவாகப் பிசைந்துகொண்டே போனார். கொப்புளம் கொப்புளமாக வந்து, கடைசியில் ஒரு பெரிய ஏப்பம். கூலண்ட் மட்டம் சட்டென்று கீழே இறங்கியது. ஊற்றி நிரப்பினோம்.

அப்போதுதான் டார்ச் அடித்துப் பார்த்த மாமனார், ஹோஸ் ஓரிடத்தில் சேஸிஸ் விளிம்பில் உரசுவதைக் கண்டுபிடித்தார். தார்ச்சாலையில் ஓடினால் வருஷக்கணக்கில் தாங்கும். பாறையில் குதித்தால் ஒரு சீசன் தாங்காது. வேறு கிளிப் போட்டு நகர்த்த வேண்டும். அதற்கு முன்பம்பரை மறுபடி கழற்ற வேண்டும். மருமகன் சலித்துக்கொண்டே ஸ்பேனரை எடுத்தார். நான் நோட்டைத் திறந்தேன்.