பொங்குமாங்கடலும் அலக்நந்தாவும்

மக்களே, இது வானியல் பதிவு. பயந்து ஓடிடாதீங்க, கணக்கெல்லாம் கிடையாது :-)

புனேயில் இருக்கிற தேசிய ரேடியோ வானியற்பியல் மையத்தின் ஆராய்ச்சி மாணவி ராஷி ஜெயினும் அவர் வழிகாட்டி யோகேஷ் வடதேகரும் ஒரு சுருள் விண்மீன் மண்டலத்தைக் கண்டுபிடிச்ச செய்தி 2025 நவம்பர்ல வந்துச்சு. ஜேம்ஸ் வெப் தொலைநோக்கிப் படங்கள்ல சுமார் 70,000 புள்ளிகளைச் சலிச்சதுல இந்த மாதிரி சிக்கினது இது ஒண்ணுதான். பேரு அலக்நந்தா. இந்தியில் பால்வீதிக்கு மந்தாகினின்னு பேராம், இமயமலையில் மந்தாகினியோட கூடப்பிறந்த ஆறு அலக்நந்தா. (நம்ம தென்காசிக்காரங்க கண்டுபிடிச்சிருந்தா சிற்றாறுன்னு வச்சிருப்போம்!)

இதுல என்ன அதிசயம்? குற்றாலம் பேரருவியில் தண்ணி முதல்ல பொங்குமாங்கடல்ல விழுந்து கொந்தளிக்கும். அதுவே தென்காசி வரும்போது சாதுவா ஓடும். விண்மீன் மண்டலமும் அப்படித்தான், கொந்தளிப்பெல்லாம் அடங்கி நிதானமாச் சுழல ஆரம்பிச்சாத்தான் அழகான சுருள் கைகள் வரும், அதுக்குப் பல நூறு கோடி வருஷம் ஆகும்னு நினைச்சிருந்தாங்க. அலக்நந்தாவிலிருந்து வெளிச்சம் கிளம்பி 1200 கோடி வருஷம் ஆச்சு. அப்போ பிரபஞ்சத்துக்கு வயசு வெறும் 150 கோடி. பொங்குமாங்கடலுக்குள்ளயே தென்காசி ஆறு ஓடுறதைப் பார்த்த மாதிரி! ரெண்டு கையும் தெளிவா இருக்கு, அகலம் 30,000 ஒளியாண்டு. வருஷத்துக்கு 60 சூரியன் எடைக்கு நட்சத்திரம் வேற பிறக்குது.

அக்கா மகள் படத்தைப் பார்த்துட்டு, "மாமா, இது ஏபெல் 2744 கூட்டத்துக்குள்ளயா இருக்கு?"ன்னு கேட்டா. நல்ல கேள்வி. உள்ள இல்ல, அதுக்கு ரொம்பப் பின்னால. நடுவுல இருக்கிற அந்தக் கூட்டத்தோட ஈர்ப்பு வெளிச்சத்தை வளைச்சு, தாத்தா பேப்பர் படிக்கிற பூதக்கண்ணாடி மாதிரி வேலை செய்யுது. அலக்நந்தா ரெண்டு மடங்கு பிரகாசமாத் தெரியுறது அதனாலதான்.

அவ பிளஸ் டூ. இயற்பியல் படிக்கணும்கிறா. அக்காவுக்கு அவளை நர்சிங் சேர்க்கணும். நான் ராஷி ஜெயின் கதையைச் சொல்லி முடிச்சதும் அக்கா கேட்டது ஒரே கேள்வி: "சரிடா தம்பி, அந்தப் புள்ளைக்கு மாசம் எவ்வளவு கொடுக்காக?"

ஆராய்ச்சி மாணவர்களுக்கு உதவித்தொகை உண்டுன்னேன். "அதுக்கு முந்தி அஞ்சு வருஷம்?"னா. அதுக்கு எங்கிட்ட பதில் இல்ல. இயற்பியல் படிச்சுட்டு வேலையில் இருக்கிறவங்க யாராச்சும் இருந்தா, எப்படிச் சமாளிச்சீங்கன்னு எழுதுங்க. அக்காகிட்ட வாசிச்சுக் காட்டணும்.