உடைந்தால்தான் அது உண்டியல்!

பெங்களூரிலிருந்து சுமார் 40 கிலோமீட்டர் வந்தால் ஓசூர். அத்திப்பள்ளியைத் தாண்டியதும் தமிழ்நாடு தொடங்கிவிடும். தமிழ், தெலுங்கு, கன்னடம் மூன்றும் ஒரே டீக்கடையில் கேட்கும் ஊர். இங்குள்ள சந்திரசூடேஸ்வரர் மலைக்கோயிலில் தமிழருக்கு உண்டியலாக இருப்பது, பக்கத்தில் நிற்கும் தெலுங்கருக்கும் கன்னடருக்கும் 'ஹுண்டி'.

1970-களில் சிப்காட் வந்த பிறகு ஊரின் முகமே மாறியது. 1980-ல் டி.வி.எஸ். 50 மொபெட் இங்கிருந்துதான் புறப்பட்டது. டாடாவும் டிட்கோவும் சேர்ந்து 1984-ல் தொடங்கிய டைட்டன் நிறுவனத்தின் கடிகாரங்களும் இங்கேதான் உருவாயின. பழம்பொருள் சேகரிப்பவர்களுக்கு இவையெல்லாம் இன்றும் கிடைக்கின்றன. ஆனால், அந்தப் பொருள்களை வாங்கக் காசு சேர்த்த மண் உண்டியல்?

அது கிடைப்பது அரிது. மண் உண்டியலுக்குக் காசு போடும் கீறல் மட்டும்தான்; திறக்க வழி கிடையாது. நிறைந்ததும் உடைத்துவிடுவார்கள். உடையாமல் மிஞ்சிய பழைய உண்டியல் என்றால், யாரோ சேமிப்பை மறந்துவிட்டார்கள் என்று அர்த்தம்! 25 பைசாவும் அதற்குக் குறைந்த நாணயங்களும் 2011 ஜூன் 30-ஓடு செல்லாமல் போயின. அதற்கு முன் உடைக்காதவர்களின் சில்லறை வெறும் நினைவுப் பொருள்தான்.

தகர உண்டியலின் கதை வேறு. சென்ட்ரல் பேங்க் ஆஃப் இந்தியா 1921-லேயே வீட்டுச் சேமிப்புப் பெட்டித் திட்டத்தைத் தொடங்கியது. இந்த மாதிரி வங்கிப் பெட்டிகளில் பெட்டி வீட்டில் இருக்கும், சாவி வங்கியில் இருக்கும். உடைக்க வேண்டியதில்லை என்பதால் இவை தப்பித்தன. பெங்களூரு சண்டே பஜார் போன்ற பழம்பொருள் சந்தைகளில் தேடுபவர்கள், வங்கியின் பெயர் பொறித்திருக்கிறதா, பூட்டு பழையதுதானா என்று பார்ப்பது நல்லது. பளபளப்பாக்கத் தேய்த்தால் எழுத்தும் வண்ணமும் போய்விடும்.

ஓசூரிலிருந்து சேலம் சாலையில் சுமார் 50 கிலோமீட்டரில் கிருஷ்ணகிரி. அங்குள்ள அரசு அருங்காட்சியகத்தில் நடுகற்கள் நிற்கின்றன. ஆநிரை மீட்கப் போய் உயிர்விட்ட வீரன் யார், எதற்காக இறந்தான் என்பதை அந்தக் கற்கள் இன்றும் சொல்கின்றன. மண் உண்டியலுக்கு அப்படிச் சொல்ல யாரும் இல்லை.

உங்கள் வீட்டுக் குழந்தை உண்டியலை உடைக்கும் முன் செல்போனில் ஒரு படம் எடுங்கள். யார் சேர்த்தது, எந்த ஆண்டு, எதை வாங்க என்று கூடவே எழுதி வையுங்கள். பிறகு தாராளமாக உடைக்கட்டும்!