வீட்டுக் கூரையிலிருந்து படகுக்கு

பூலாவ் கெத்தாமுக்குப் பலமுறை போயிருக்கிறேன். கோமுட்டர் ரயிலில் கடைசி நிலையமான கிள்ளான் துறைமுகத்தில் இறங்கி, பக்கத்துப் படகுத்துறையில் ஃபெரி ஏறுவோம். இந்த முறை மாமாவின் தூண்டில் படகில் போனோம்.

படகின் கூரையைப் பார்த்ததும் சிரித்துவிட்டேன். வீட்டைப் புதுப்பித்தபோது கழற்றிய இரண்டு சோலார் பலகைகள் அங்கே இருந்தன.

"சிரிக்காதப்பா. போன வருஷம் நடுக்கடல்ல பேட்டரி செத்துப்போச்சு. படகுக்கு அடியில சேர்ற தண்ணிய இறைக்கிற பம்பும் நின்னுபோச்சு. நாலு பேரு விடிய விடிய வாளியில இறைச்சோம். கடல்ல கரண்டு போனா யாருக்குப் போன் போடுறது?"

அதன் பிறகு நான் சிரிக்கவில்லை.

பலகை ஒவ்வொன்றும் 300 வாட். எடை 18 கிலோ. வீட்டுப் பலகை சுமார் 32 வோல்ட்டில் வேலை செய்யும். படகு பேட்டரியோ 12 வோல்ட். முதலில் மாமா மலிவான கன்ட்ரோலரை மாட்டினார். 300 வாட் பலகையிலிருந்து 120 வாட்கூடத் தேறவில்லை. அதிக வோல்ட்டைக் கூடுதல் ஆம்பியராக மாற்றித் தரும் 'எம்.பி.பி.டி.' கன்ட்ரோலர் வந்த பிறகுதான் பேட்டரி நிறைந்தது.

அடுத்த எதிரி நிழல். கொடிக்கம்பத்தின் மெல்லிய நிழல் விழுந்தாலே ஒரு பலகையின் மூன்றில் ஒரு பங்கு மின்சாரம் போய்விடும். மாமா கம்பத்தை இடம் மாற்றினார்; ஒரு பலகையின் நிழல் மற்றதைப் பாதிக்காதபடி இரண்டையும் பக்க இணைப்பில் சேர்த்தார்.

உப்புநீர் இன்னும் மோசம். அலுமினியச் சட்டத்தில் எவர்சில்வர் போல்ட்டை நேராக முடுக்கினால், உப்பு ஈரம் பட்டு அலுமினியம் அரித்துவிடும். அதனால் இடையில் நைலான் வாஷர். விடியற்காலையில் சீறிவரும் சுமத்ரா காற்று பலகையைப் பிய்த்துக்கொண்டு போகாதிருக்க, கூரைக்கு அடியில் இரும்புச் சட்டம். பேட்டரிக்குப் பக்கத்தில் ஃபியூஸ்.

"சின்னச் சம்பான்ல இதையெல்லாம் ஏத்தக்கூடாது. மேல எடை கூடினா கவுந்துடும்" என்றார் மாமா.

தீவில் கம்பங்கள்மீது நிற்கும் வீடுகளுக்கிடையே சைக்கிளில் சுற்றினோம், நண்டு சாப்பிட்டோம். திரும்பும்போது இருட்டிவிட்டது. பாதி வழியில் படகுக்கு அடியில் பம்ப் தானாக ஓடத் தொடங்கியது. மாமா பேச்சை நிறுத்திவிட்டு, அது தண்ணீரை இறைத்து முடிக்கும்வரை கேட்டுக்கொண்டிருந்தார்.