ஒரு கட்டளை, பல மடல்கள்



எங்கள் ஊர்க் கல்வி உதவி நிதியின் கடிதப் பணி சில ஆண்டுகளாக என் பொறுப்பில் உள்ளது. உதவித்தொகை பெறும் 120 மாணவ, மாணவியருக்கு அவரவர் பெயரும் தொகையும் குறித்து ஆண்டுதோறும் மின்னஞ்சல் அனுப்ப வேண்டும். முன்பு மூன்று இரவுகளை விழுங்கிய வேலையை, இன்று இருபது வரிகள் கொண்ட பைத்தான் நிரல் சில நிமிடங்களில் முடித்துவிடுகிறது.

'எல்லா முகவரிகளையும் ஒரே மடலில் இட்டால் போதாதா?' என்று நீங்கள் வினவலாம். போதாது! உதவி பெறுவோர் யார், யார் என்பது அனைவருக்கும் வெளிப்பட்டுவிடும். வலக்கரம் வழங்குவதை இடக்கரம் அறியலாகாது என்று கற்றவர்கள் நாம் அல்லவா? ஏழைத் தந்தையின் மானம் தொகையைவிடப் பெரிதன்றோ!

நிரலின் வேலை எளிது. பெயர், முகவரி, தொகை ஆகியவை வரிசைக்கு ஒன்றாக ஒரு பட்டியலில் இருக்கும். நிரல் ஒரு வரிசையைப் படித்து, மாதிரி மடலின் வெற்றிடங்களை நிரப்பி, அஞ்சல் சேவையகத்திடம் ஒப்படைத்து, அடுத்த வரிசைக்குச் செல்லும். இவ்வொப்படைப்புக்கான எஸ்.எம்.டி.பி. நெறிமுறை 1982-இல் வகுக்கப்பட்டது. 1991-இல் வெளிவந்த பைத்தான் மொழியுடன் அதற்குரிய கருவியும் இன்று விலையின்றியே கிடைக்கிறது.

ஆயினும் எந்திரம் நன்மையைப் போலவே பிழையையும் விரைந்து பரப்பும். ஒரு வரிசை பிசகினால் ஒருவருக்குரிய தொகை மற்றவருக்குச் சென்றடையும். அதனை நம்பிக் கல்லூரி வாயிலில் நிற்கும் பெற்றோரின் நிலையை எண்ணிப் பாருங்கள்! எனவே மடல்கள் அனைத்தையும் முதலில் என் முகவரிக்கே வரவழைத்து, பட்டியலோடு ஒப்பிட்டுப் படிப்பேன். அனுப்பியவற்றுக்கு எதிரே நிரலே குறியிட்டுவிடும். இடையில் மின்சாரம் நின்றாலும் ஒருவருக்கு இருமுறை போகாது. கடவுச்சொல்லை நிரலுக்குள் எழுதுவதில்லை. நிரலைப் பிறருக்குக் கொடுக்கும்போது நம் அஞ்சல்பெட்டியின் திறவுகோலையும் கொடுத்துவிடலாகாது அல்லவா?

வரும் பதில்களுக்கு மட்டும் நிரல் எழுதவில்லை. 'தந்தைக்கு வேலை போய்விட்டது, விடுதிக் கட்டணத்திற்கும் வழியுண்டா?' என்று ஒரு மாணவி கேட்கும்போது, மாதிரி மடலா மறுமொழி தருவது? மிச்சமான அந்த மூன்று இரவுகளும் இப்போது அத்தகைய பதில்களுக்கே செலவாகின்றன.

உங்கள் ஊர்ச் சங்கத்திலும் நிரல் அறிந்த இளைஞர் ஒருவர் இருப்பார். இப்பணியை அவரிடம் ஒப்படையுங்கள். சரிபார்க்கும் பொறுப்பை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள்.