ஏஜினாவின் ஆமைகள்

மகள் குடும்பத்தோடு கிரீஸ் போயிருந்தபோது, மூன்றாம் நாள் மாப்பிள்ளை ஒரு பாய்மரப் படகுக்கு ஏற்பாடு செய்திருந்தார். காலையில் ஏதென்ஸ் பக்கத்து அலிமோஸ் படகுத்துறையில் ஏறி, ஏஜினா தீவுக்குப் போய், கடலில் நீந்திவிட்டு, சைக்கிளில் மேடேறி ஒரு பழைய கோயிலையும் பார்த்துவிட்டு இருட்டுவதற்குள் திரும்புவதாகத் திட்டம். "மாமா, உங்களுக்குச் சரித்திரம், பேரனுக்குக் கடல், எனக்கு சைக்கிள்" என்றார். வீட்டம்மாவுக்கு என்ன என்று நான் கேட்கவில்லை. அவள் அதற்குள் எலுமிச்சம்பழத்தைப் பைக்குள் போட்டுக்கொண்டிருந்தாள்.

அது செப்டம்பர் மாதம். காற்று வடக்கிலிருந்து அடித்தது, நாங்கள் போவதோ தென்மேற்கே. துறையைத் தாண்டியதும் பாயை விரித்து இன்ஜினை நிறுத்திவிட்டார்கள். படகு ஒரு பக்கம் சாய்ந்துகொண்டே ஓடுகிறது, சத்தமே இல்லை. பழக ஒரு அரைமணி நேரம் ஆகும்.

வலது பக்கம் மொட்டையாக ஒரு தீவு தெரிந்தது. அதுதான் சலாமிஸ் என்று சுக்கானைப் பிடித்திருந்த அம்மாள் சொன்னார். நான் எழுந்து நின்றுவிட்டேன்.

இந்தக் கதையை முதலில் சொல்லிவிடுகிறேன். கி.மு. 483 வாக்கில் ஏதென்ஸின் லாரியன் சுரங்கத்தில் வெள்ளி ஏராளமாகக் கிடைத்தது. ஆளுக்கு இவ்வளவு என்று பங்கு போட்டுக்கொள்ள இருந்தார்கள். தெமிஸ்டாக்ளிஸ் குறுக்கே விழுந்து, அந்தப் பணத்தில் போர்க்கப்பல் கட்டுவோம் என்றார். அதற்கு அவர் காட்டிய காரணம் ஏஜினா. அப்போது இரண்டு ஊருக்கும் சண்டை. மூன்று வருஷத்தில் பாரசீகர் படையெடுத்து வந்தபோது, ஏஜினாவை அடிக்கக் கட்டிய அதே கப்பல்கள்தான் சலாமிஸில் கிரேக்கர்களைக் காப்பாற்றின. பகையை ஒத்திவைத்துவிட்டு ஏஜினாவும் 30 கப்பல்களோடு வந்து நின்றது. ஒரு கப்பலுக்குத் துடுப்பு வலிப்பவர்கள் மட்டும் 170 பேர். அன்று எல்லோரையும்விட நல்ல பேர் வாங்கியவர்கள் ஏஜினாக்காரர்கள்தான் என்று ஹெரடோட்டஸ் எழுதியிருக்கிறார்.

சுமார் மூன்று மணி நேரத்தில் அகியா மரினா விரிகுடாவில் நங்கூரம் போட்டோம். கிணற்றில் சுரைக்குடுக்கை கட்டி நீச்சல் பழகியவன் நான். அந்தக் கடலில் உப்பு அதிகம், உடம்பு தானாக மிதக்கிறது. பேரன் ஆமை தேடினான், கிடைக்கவில்லை. ஏஜினாவின் பழைய வெள்ளிக்காசுகளில் கடலாமை உண்டு என்று நான் சொல்லியிருந்தேன். கி.மு. 6ஆம் நூற்றாண்டுக் காசு அது. கிரேக்க நாட்டின் முதல் காசுகளில் ஒன்று.

அங்கிருந்து அஃபாயா கோயிலுக்கு மூன்று கிலோமீட்டர் போல இருக்கும், முழுக்க மேடு. படகிலேயே மடக்கு சைக்கிள்கள் வைத்திருந்தார்கள், பேட்டரி வைத்தவை. வளைவுக்கு வளைவு பைன் மர வாசனை. மாப்பிள்ளை மட்டும் வீம்புக்குப் பேட்டரியை அணைத்துவிட்டு மிதித்தார். பாவம், மேலே வந்து பத்து நிமிஷம் பேசவில்லை.

கோயில் கி.மு. 500ஐ ஒட்டிக் கட்டியது, சுண்ணாம்புக்கல். தூண்கள் பெரும்பாலும் நிற்கின்றன. முகப்பில் இருந்த சிற்பங்கள்தான் இல்லை. 1811ல் ஆங்கிலேய, ஜெர்மானிய இளைஞர்கள் சிலர் தோண்டி எடுத்துப் போனார்கள், இப்போது அவை மியூனிக்கில் இருக்கின்றன. ட்ராய் யுத்தக் காட்சிகள், இரண்டு முகப்பிலும் நடுவில் அதீனா. அதீனா ஏதென்ஸுக்கு மட்டும் சொந்தமில்லை என்று ஏஜினா சொல்லிக்கொண்டதாக எனக்குப் படுகிறது.

கோயில் மேட்டிலிருந்து பார்த்தால் கடலுக்கு அப்பால் ஏதென்ஸ் வெள்ளையாகத் தெரிகிறது. கூட நின்று போரிட்ட அதே ஏதென்ஸ், கி.மு. 431ல் ஏஜினாக்காரர்களைப் பெண்டு பிள்ளைகளோடு தீவைவிட்டே துரத்தியது. அந்த வீடுகளில் தன் ஆட்களைக் குடிவைத்தது. போனவர்களில் பலருக்கு ஸ்பார்ட்டா தைரியா என்ற இடத்தில் நிலம் கொடுத்தது. 424ல் ஏதென்ஸ் படை அங்கேயும் தேடிப் போய், பிடிபட்டவர்களைக் கொண்டுவந்து கொன்றது. காசிலிருந்த கடலாமையும் அந்த நூற்றாண்டிலேயே நிலத்து ஆமையாக மாறிவிட்டது. கடல் கையைவிட்டுப் போனதால்தான் என்பார்கள்.

"அப்புறம் யாருமே திரும்பி வரலையா?" என்று வீட்டம்மா கேட்டாள்.

வந்தார்கள். 405ல் ஏதென்ஸ் தோற்ற பிறகு, ஸ்பார்ட்டாவின் லைசாண்டர் மிச்சமிருந்தவர்களைத் தேடிச் சேர்த்து ஊரைத் திருப்பிக் கொடுத்தார்.

அவள் விரலை மடக்கிக் கணக்குப் போட்டாள். "இருபத்தாறு வருஷம். கைக்குழந்தையா போனதுக்கெல்லாம் எந்த வீடுன்னு தெரிஞ்சிருக்குமா?"

எனக்குப் பதில் தெரியவில்லை. பேரன் ஒரு தூணைக் கட்டிப்பிடிக்கப் பார்த்துக்கொண்டிருந்தான், கை எட்டவில்லை. இறக்கத்தில் யாரும் பெடல் மிதிக்கவில்லை. கீழே கடைத்தெருவில் அந்தத் தீவில் விளைந்த பிஸ்தா ஒரு கிலோ வாங்கினோம். திரும்பும்போது காற்று எதிர், பாயைச் சுருட்டிவிட்டு வழி முழுக்க இன்ஜினில்தான் வந்தோம்.